செருப்புக்கடி, கொப்புளம், பாதியில் நின்ற நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீண்ட நடைக்கும் மலையேற்றத்துக்கும் போகிற ஒரு கூட்டத்தில் மருந்துப் பையைச் சுமக்கிறவன் நான். மருத்துவன் அல்ல. பையைச் சுமப்பதால் எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள். பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது காலில் வந்த கொப்புளத்தைப் பற்றித்தான்.

இந்தப் பை என் தோளுக்கு வந்த கதை சின்னது. 18 கி.மீ. மலைப்பாதை. நான்காவது கிலோமீட்டரில் இடது குதிகாலில் லேசாக எரிந்தது. முன்னால் போகிறவர்களை நிறுத்தச் சொல்லக் கூச்சம். ஒன்பதாவது கிலோமீட்டரில் அடியெடுத்து வைக்க முடியாமல் உட்கார்ந்தேன். மற்றவர்கள் உச்சிக்குப் போய்த் திரும்பும்வரை அவர்கள் பைகளுக்குக் காவல் இருந்தேன். எலும்பு முறியவில்லை, காய்ச்சல் இல்லை, பாம்பு கடிக்கவில்லை. இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு நீர்க்கொப்புளம், அவ்வளவுதான். அதைச் சொல்லி அனுதாபம்கூடக் கேட்க முடியாது.

1. செருப்பு கடிக்குதுங்கறோமே, உள்ளே உண்மையில என்ன நடக்குது?

தோலின் மேற்பரப்பு உரசித் தேய்வதால் கொப்புளம் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல் நுனியை மறு கையின் புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரலும் தோலும் ஒட்டியபடியே இருக்கின்றன. ஆனால் தோலுக்கு அடியில் எலும்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் இழுபடுகிறது. ஷூவுக்குள் நடப்பதும் இதுதான். சாக்ஸ் தோலைப் பிடித்து வைத்துக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் நகர்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,300 அடி வைக்கிறோம். ஒரு காலுக்கு அறுநூற்றுச் சொச்சம் தடவை அதே இழுப்பு. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதுபோல மேல்தோலின் நடு அடுக்கில் உள்ள செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. மேல்தோல் உரிந்து எரிவது சிராய்ப்பு, அது வேறு.

2. உள்ள இருக்கற தண்ணி கெட்ட நீரா?

இல்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து கசிந்து வருவது. தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் கவலை இல்லை. சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் அடித்தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் சேர்ந்து கிழிந்திருக்கின்றன என்று அர்த்தம். கலங்கலாக, நாற்றத்தோடு இருந்தால் 16-வது கேள்விக்குப் போய்விடுங்கள்.

3. தொடை உரசினா புண்ணாகுது, ஆனா கொப்புளம் வரலையே. பாதத்துல மட்டும் ஏன்?

பாதத்திலும் உள்ளங்கையிலும் தோல் தடிமன். அடியோடு இறுகப் பிணைந்தும் இருக்கிறது. அதனால் உள்ளே பிரிந்தாலும் மேலே கூரை போல ஓர் அடுக்கு நிற்கிறது. நீர் தங்க இடம் கிடைக்கிறது. தொடையில் கூரை நிற்கும் அளவுக்குத் தடிமன் இல்லை, நேரே தேய்ந்து புண்ணாகிறது.

4. ஷூ புதுசு இல்லையே, ஒரு வருஷமா போடறேன். இன்னிக்கு மட்டும் ஏன் கடிக்குது?

ஷூ அதேதான். கால் அதே கால் அல்ல. சில மணி நேரம் நடந்தால் பாதம் வீங்கும். வியர்வையிலோ ஓடைத் தண்ணீரிலோ ஊறிய தோல் சாக்ஸோடு இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதுகில் சுமை கூடினால் இழுப்பும் கூடும். தினமும் மூன்று கிலோமீட்டர் சமதரையில் நடக்கிறவருக்கு, அதே ஷூவில் பதினைந்து கிலோமீட்டர் மேடுபள்ளம் என்பது புது ஷூ போட்டதற்குச் சமம்.

எங்கே கடிக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஏற்றத்தில் குதிகால் மேலே எழும்பும், அங்கே கொப்புளம். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியும், விரல்களில் கொப்புளம். ஒரே காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஷூவின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சோ கிழிந்த உள்துணியோ தட்டுப்படலாம்.

5. லேசாத்தான் எரியுது. நடக்க நடக்கச் சரியாயிடும் இல்ல?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அந்த லேசான எரிச்சல்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் தோல் சிவந்து சூடாக இருக்கும், உள்ளே இன்னும் பிரிந்திருக்காது. பிரிந்தபின் எரிச்சல் சில சமயம் மரத்துப்போன மாதிரி அடங்கும். 'சரியாயிடுச்சு' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

நின்றுவிடுங்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி உதறுங்கள். பாதத்தைத் துடைத்துக் காற்றாட இரண்டு நிமிடம் விடுங்கள். எரிகிற இடத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு செ.மீ. கூடுதலாக டேப்பை வெட்டி, நான்கு மூலைகளையும் வட்டமாக்கி, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அதுவே மடங்கிச் சுருண்டு புதுக் கொப்புளத்தை உண்டாக்கும். சாக்ஸை மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டு லேஸைப் புதிதாகக் கட்டுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம்.

இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காததற்கு நான் கேட்ட காரணங்களில் 'டேப் இல்லை' என்பது அபூர்வம். 'எல்லாரும் எனக்காக நிக்கணுமே' என்பதுதான் எப்போதும். என் அனுபவத்தில் கொப்புளத்துக்கு ஷூ பாதிக் காரணம், கூச்சம் பாதிக் காரணம்.

6. எந்த டேப் நல்லது? சாதாரண பிளாஸ்திரி போதாதா?

நடுவில் பஞ்சு வைத்த சின்னப் பிளாஸ்திரி வியர்வையில் அரை மணி நேரத்தில் சுருண்டு சாக்ஸுக்குள் எங்கோ போய்விடும். நான் வைத்திருப்பது மருந்துக்கடைகளில் கிடைக்கும் மெல்லிய காகித டேப். மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள். 2014-ல் பாலைவனங்களில் நடந்த 250 கி.மீ. ஓட்டங்களில் 128 பேரின் பாதங்களில் இதை முன்கூட்டியே ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மலிவான பொருள் ஒன்று இத்தனை வேலை செய்வது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதன் பசை மென்மையானது என்பதும் வசதி. கொப்புளம் வந்துவிட்ட இடத்தில் ஒட்டினாலும், பிரிக்கும்போது கூரைத்தோலைப் பிய்த்துக்கொண்டு வராது. விளையாட்டு வீரர்கள் கட்டும் தடித்த டேப் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் கொப்புளத்தின் மேல் நேரடியாக ஒட்டினால் மாலையில் வருத்தப்படுவீர்கள்.

7. கொப்புளம் வந்துடுச்சு. உடைக்கலாமா கூடாதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், இரண்டும் சரி. சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். கூரைத்தோலைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் கிடையாது. அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு நடங்கள்.

பெரிதாக, விண்ணென்று தெறிக்கிற மாதிரி உப்பியிருந்து, இன்னும் பல கிலோமீட்டர் நடந்தே ஆகவேண்டும் என்றால், அது ஷூவுக்குள் தானாக உடையத்தான் போகிறது. அழுக்குச் சாக்ஸுக்குள் கிழிவதைவிடச் சுத்தமாக நீரை வெளியேற்றுவது மேல். ரத்தக் கொப்புளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பதிலை மறந்துவிட்டு 15-வதைப் படியுங்கள்.

8. சரி, உடைக்கறதுன்னா எப்படி? தீக்குச்சியில காட்டின ஊசி போதுமா?

தீயில் காட்டினால் ஊசியில் கரி படியும். பிரிக்காத உறையில் வரும் ஊசி சிறந்தது. இல்லாவிட்டால் ஊசியையும் கொப்புளத்தையும் சுற்றியுள்ள தோலையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதற்கு முன் கை கழுவுங்கள், மறக்கிறவர்கள்தான் அதிகம். நட்டநடுவில் குத்தாமல், ஓரத்தில், தாழ்ந்த பக்கமாக இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள். சுத்தமான துணியால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றி, தோலைப் படிய வைத்து மூடுங்கள். வலிக்காது, பிரிந்துவிட்ட அந்தக் கூரைத்தோலுக்கு உணர்ச்சி இல்லை.

சில மணி நேரத்தில் மறுபடி நீர் கோக்கும். அதனால் பெரிய ஓட்டை போடத் தோன்றும், போடாதீர்கள். முதல் நாளில் இரண்டு மூன்று முறை இதையே செய்தால் தோல் அடியோடு ஒட்டிக்கொள்ளும். ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள்ளேயே விட்டுவிடும் பழைய முறை ஒன்று உண்டு, நீர் வடிந்துகொண்டே இருக்குமாம். நீர் வெளியே வரும் அதே நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும். வேண்டாம்.

9. தானா உடைஞ்சு தோலும் பிஞ்சுபோச்சு. இப்ப?

சுத்தமான தண்ணீரால் மண்ணெல்லாம் போகக் கழுவுங்கள். தோல் பாதியாவது ஒட்டிக்கொண்டிருந்தால் விரித்துப் பழைய இடத்திலேயே படிய வையுங்கள். கந்தலாகத் தொங்கும் துண்டை மட்டும் கத்தரிக்கலாம். பச்சைப் புண்ணில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். பற்பசையும் வேண்டாம், யார் சொன்னாலும். உடனே ஒட்டும் பசையை வைத்துத் தோலை ஒட்டியவரை நேரில் பார்த்திருக்கிறேன். இறங்குகிற வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை.

மூடுவதற்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டுப்பட்டை, அதாவது கசியும் நீரை உறிஞ்சும் ஜெல் போன்ற பட்டை, இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாஸ்லின் தடவிய, புண்ணில் ஒட்டாத துணிக்கட்டு, அதன் மேல் டேப்.

10. அந்த ஜெல் மாதிரி பட்டை ஒட்டினேன். ரெண்டாம் நாள் வெள்ளையா உப்பியிருக்கு. சீழ் பிடிச்சுதா?

பெரும்பாலும் இல்லை. கசியும் நீரை உறிஞ்சும்போது ஹைட்ரோகொலாய்டு வெள்ளையாக உப்பும். அது வேலை செய்வதன் அடையாளம். ஓரம் தானாகக் கழன்றுவரும்வரை, நாலைந்து நாளானாலும், விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் புதிதாக முளைத்த தோலும் கூடவே வரும். சுற்றியுள்ள தோல் சூடாகி வலி கூடிக்கொண்டே போனால் மட்டும் பிரித்துப் பாருங்கள்.

11. கிளம்பறதுக்கு முன்னாடி வாஸ்லின் தடவிக்கிட்டா போதுமே?

குறுகிய நடைக்கு உதவும். முதல் ஒரு மணி நேரம் வழுக்கும். பிறகு சாக்ஸ் அதை உறிஞ்சிவிட, ஊறி மென்மையான தோல் முன்பைவிடக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க நடப்பதென்றால் நிறுத்தி நிறுத்தித் தடவ வேண்டும். வாஸ்லின் பட்ட தோலில் டேப்பும் ஒட்டாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பவுடர் வியர்வையில் கட்டிகட்டியாகி அதுவே பொடிக்கல் மாதிரி உறுத்தும்.

12. எனக்குக் கால் ரொம்ப வேர்க்கும். வியர்வையை நிறுத்தற மருந்து போட்டா?

இதை அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். அலுமினியம் குளோரைடு கலந்த கரைசலைப் பல இரவுகள் பாதத்தில் தடவிவிட்டு 21 கி.மீ. நடந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்குக் கொப்புளம் வந்தது. மருந்தில்லாத கரைசலைத் தடவியவர்களில் 48 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மருந்து தடவியவர்களில் 57 விழுக்காட்டினருக்குத் தோல் எரிச்சல். ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிய கதை. எனக்கு இது சரிப்படவில்லை. அளவுக்கு மீறி வேர்க்கிறவர்கள் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டு முயலலாம்.

13. பருத்தி சாக்ஸ்தானே உடம்புக்கு நல்லது?

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தொய்ந்து மடிப்பும் விழும். ஈரத்தை வெளியே கடத்தும் செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ மேல். மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று என இரண்டு போடலாம். இழுப்பு தோலில் விழாமல் இரண்டு துணிகளுக்கு நடுவே போய்விடும். முதல் கேள்வியின் விரல் சோதனையை, நடுவில் இரண்டு துண்டு வழவழப்பான துணி வைத்துச் செய்து பாருங்கள், புரியும். ஆனால் இரண்டு சாக்ஸுக்கு இடம் இருக்கிற ஷூவாக இருக்க வேண்டும். இடமில்லாமல் திணித்தால் நிலைமை மோசமாகும்.

14. குதிகால் மட்டும் எழும்பி எழும்பி இறங்குது. ஷூவை மாத்தணுமா?

முதலில் லேஸை மாற்றிக் கட்டுங்கள். பல ஷூக்களில் கணுக்காலை ஒட்டி, எதற்கென்றே தெரியாமல் கடைசியாக ஓர் ஓட்டை இருக்கும். லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் உட்கார்ந்துவிடும். இறக்கம் தொடங்கும் முன் இப்படி இறுக்கினால் விரல் முட்டுவதும் குறையும். விரல் நுனிக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும்; நகத்தையும் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கி வந்தபின் நகம் கறுத்திருந்தால் அது முட்டி முட்டி அடியில் ரத்தம் கட்டியது. வலி தாங்கமுடியாமல் தெறித்தால் மருத்துவர் பார்க்கட்டும், இல்லையென்றால் நகம் வளர்ந்து தானாகப் போகும்.

15. அப்பாவுக்கு சர்க்கரை. சின்னக் கொப்புளம்தான், வலிக்கவே இல்லைங்கறார்.

வலிக்கவில்லை என்பதுதான் கவலை. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத நரம்புகளுக்கு உணர்ச்சி குறையும், 5-வது பதிலில் சொன்ன எச்சரிக்கை எரிச்சலே வராது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். வீட்டில் ஊசி வைக்கக் கூடாது. மூடி வைத்து, அழுத்தம் தராமல், எவ்வளவு சின்னதானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இதேதான்.

அப்பா நடைக்கு வரலாம். வலியைக் கேட்டு நிற்க முடியாதவர், கடிகாரத்தைப் பார்த்து நின்று பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

16. ஒரு கொப்புளத்துக்குப் போய் டாக்டரா? எப்பத்தான் போகணும்?

கலங்கிய நீரோ சீழோ வந்தால், சுற்றியுள்ள சிவப்பு பரவினால், வலி குறையாமல் கூடினால், காலில் மேல்நோக்கிச் செங்கோடு ஓடினால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால். கடைசி மூன்றுக்கும் அன்றைக்கே போக வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது; புறங்கையை வைத்துச் சூட்டையும் வீக்கத்தையும் மறு காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புண் மண்ணில் புரண்டிருந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்றும் யோசிக்க வேண்டும்.

சிரிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1924 ஜூன் 30 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், வெள்ளை மாளிகை மைதானத்தில் சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் கொப்புளம். கிருமி ரத்தத்தில் பரவி ஜூலை 7 அன்று இறந்துபோனான். நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால்தான் அது வேலைக்கு ஆகும்.

17. கால் காய்த்துப்போனா அப்புறம் கொப்புளமே வராதாமே?

ஓரளவு உண்மை. மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினால் தோல் தடித்துத் தாங்கப் பழகும். ஆனால் கெட்டியாகக் காய்த்த இடத்துக்கு அடியில் கொப்புளம் வந்தால், அது ஆழத்தில் இருக்கும். ஊசிக்கும் எட்டாது, ஆறவும் நாளாகும். குளித்தபின் காய்ப்பை லேசாகத் தேய்த்து மட்டப்படுத்துங்கள். பிளேடால் சீவுவது வேண்டாம்.

18. அடுத்த வாரம் இன்னொரு நடை இருக்கு. அதுக்குள்ள ஆறிடுமா?

கூரைத்தோல் முழுசாக இருந்தால் அடியில் புதுத்தோல் வர ஏறத்தாழ ஐந்து நாள். கூரை போய்விட்டிருந்தால் கூடுதல். பழைய தோல் காய்ந்து தானாக உதிரும்வரை உரிக்காதீர்கள். புதுத்தோல் இளசு, அதே இடம் மறுபடி பிரியச் சுலபம். ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

19. எல்லாம் சரி. கூட வர்றவங்க வேகமாப் போறாங்க. 'நில்லுங்க, கால் எரியுது'ன்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கு.

இதைத்தான் அதிகம் பேர் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். மருந்துப் பையில் இதற்கு ஒன்றும் இல்லை. 'கூச்சப்படாதீங்க' என்று சொல்லிப் பார்த்தேன், பலன் பூஜ்யம்.

அதனால் இப்போது எங்கள் கூட்டத்தில் கிளம்பி இருபதாவது நிமிடத்தில் நான் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிடுகிறேன். எரிந்தாலும் எரியாவிட்டாலும். பையைச் சுமக்கிறவன் உட்கார்ந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். சும்மா நிற்பானேன் என்று பக்கத்தில் ஒருவர் லேஸை அவிழ்ப்பார். இன்னொருவர் சாக்ஸை உதறுவார். மூன்றாவதாக ஒருவர், அதுவரை எதுவுமே சொல்லாதவர், 'அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க' என்பார்.